வெட்டிய பிறகுதான் வேலை

முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் அயல் செடிகளை அகற்றும் பணி மும்முரமாக நடக்கிறது. அகற்றிய இடத்தில் அடுத்த மழைக்கு என்ன முளைக்கும்?

2021 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் பாதியிலும் மசினகுடிப் பக்கம் ‘டி23’ என்று குறிக்கப்பட்ட ஒரு புலியைத் தேடி வனத்துறை மூன்று வாரம் அலைந்தது பலருக்கு நினைவிருக்கும். கும்கி யானைகள் வந்தன. மோப்ப நாய்களும் ட்ரோன்களும் வந்தன. மயக்க ஊசித் துப்பாக்கியோடு கால்நடை மருத்துவர்கள் காத்திருந்தார்கள். புலி அதே வட்டாரத்தில்தான் இருந்தது. கண்ணில் படும், அடுத்த நொடி புதருக்குள் போய்விடும். அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். அந்த மூன்று வாரமும் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் கேட்ட சொல் ‘அடர்ந்த புதர்’. அந்தப் புதரில் பெரும்பங்கு எது என்பது செய்தி அவசரத்தில் அதிகம் பேசப்படவில்லை. அது உண்ணிச்செடி. லாண்டனா என்று வனத்துறைக் கோப்புகளில் இருப்பது.

வேலியோரம், ரயில் பாதையோரம், கரட்டு அடிவாரம் என்று இதைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. ஒரே கொத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்து பூக்கும். மஞ்சளாக விரியும் பூ, மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் நிறம் மாறும். தேன் எந்தப் பூவில் மிச்சமிருக்கிறது என்று வண்ணத்துப்பூச்சிக்கு அதுவே அடையாளம். பச்சைக் காய் பழுத்துக் கருநீலமாக மினுங்கும். இலையைக் கசக்கினால் ஒரு நெடி, தண்டில் கையைக் கிழிக்கும் சிறு முள். ஊருக்குள் ஒற்றைச் செடியாக நிற்கும்வரை அதன்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. காட்டுக்குள் ஆள் உயரத்தைத் தாண்டி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மரத்தின் மேலும் தொற்றி ஏறி, ஏக்கர் கணக்கில் நிற்கும்போது கதையே வேறு.

தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் பிறந்த செடி இது. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அழகுக்காகக் கலப்பினம் செய்து வளர்த்தார்கள். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அதைக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து பாளையங்களுக்கும் பங்களாக்களுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் வேலிச்செடியாகப் போயிற்று. மீதியைப் பறவைகள் பார்த்துக்கொண்டன. இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, நாட்டின் புலிக் காடுகளில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டரில் இந்தச் செடி இருக்கிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்.

புல் போன இடம்

முதுமலை பெரும்பகுதி இலையுதிர் காடு. வெக்காலி, கருமருது, வேங்கை, தேக்கு, நெல்லி என்று மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளியில் வெயில் தரைவரை இறங்கும். வெயில் இறங்கும் தரையில் ஆள் இடுப்புக்குப் புல் வளரும். புள்ளிமான், காட்டுமாடு, யானை எல்லாவற்றின் பந்தியும் அந்தப் புல்தான். நாளொன்றுக்கு 150 கிலோவுக்கு மேல் தின்னும் யானைக்கு, மழைக்காலத்தில் முக்கிய உணவே இளம்புல்.

உண்ணிக்கும் அதே வெயில்தான் வேண்டும். அடர்நிழலில் அது சோனியாக நிற்கும். ஒரு கிளை ஒடிந்து வானம் தெரிந்தால் போதும், எழுந்துவிடும். எழுந்தபின் தன் காலடிக்கு வெயிலே விடாது. உதிரும் இலையின் வேதிப்பொருள்கள் பிற விதைகள் முளைப்பதையும் தடுக்கின்றன. கால்நடையோ மானோ அதைக் கடிப்பதில்லை. இலையில் உள்ள லாண்டடீன் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். பஞ்சத்தில் வேறு வழியில்லாமல் மேய்ந்த மாடு மஞ்சள்காமாலை கண்டு, வெயில் பட்டாலே தோல் புண்ணாகி, மூக்கு சிவந்து வெடித்து நிற்பதை மலையடிவாரக் கால்நடை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். ஆக, மேயும் வாய்கள் எல்லாம் பக்கத்தில் மிச்சமிருக்கும் புல்லையே மேலும் மேலும் கடிக்கின்றன. கடிபட்டுத் தேய்ந்த அந்த இடமும் அடுத்து உண்ணிக்குத்தான் போகிறது.

முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, அதிலுள்ள மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிட்டுக் கண்காணித்து வருகிறது. யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் தொடங்கிய பணி அது. அந்த நிலத்திலேயே உண்ணி எப்படிக் கட்டம் கட்டமாகப் பரவியது என்பது பதிவாகியிருக்கிறது. உண்ணி அடர்ந்த இடங்களில் புல் குறைவதையும், அதனால் யானைகள் அங்கே மேய்வது குறைவதையும் 2014-ல் வெளியான இன்னொரு முதுமலை ஆய்வு காட்டியது. யானை ஏன் ஊருக்குள் வருகிறது என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. ஆனால் காட்டுக்குள் அதன் தட்டு காலியாகிக்கொண்டிருக்கிறது என்பதை விட்டுவிட்டு அந்தக் கேள்வியைப் பேசுவதில் பயனில்லை.

இருநூறு ஆண்டுப் போர்

உண்ணியை ஒழிக்க நாம் முயலாமல் இல்லை. பூச்சியை வைத்து ஒழிக்கலாம் என்று 1921-லேயே ஒரு ஈயைக் கொண்டுவந்து விட்டார்கள். அது காயைத் துளைத்தது, பரவல் குறையவில்லை. 1941-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து டெஹ்ராடூனுக்கு ஒரு சிறு நாவாய்ப்பூச்சி வந்தது. உண்ணி இலையின் சாற்றை உறிஞ்சி வெளுக்கவைக்கும் பூச்சி அது. சோதனைக் கூண்டில் அது தேக்குப் பூவையும் கடிப்பதைப் பார்த்துப் பதறி, வளர்த்ததையெல்லாம் அழித்தார்கள். அதற்குள் சில வெளியே தப்பிவிட்டன. நல்லவேளையாகத் தேக்குக்குப் பெரிய சேதமில்லை, உண்ணிக்கும் இல்லை. வெயிலில் இலையை உதிர்த்துவிட்டு, மழைக்குப் புது இலையோடு அது மறுபடி நின்றது.

அரிவாள்தான் அடுத்த ஆயுதம். இடுப்பளவில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாக மறுதாம்பு விடும். ஜேசிபி வைத்துப் பறித்தால் மண் புரண்டு, உள்ளே உறங்கும் விதையெல்லாம் வெளிச்சத்துக்கு வரும். சரிவில் அப்படிச் செய்தால் ஒரே மழைக்கு மேல்மண் ஓடைக்குப் போய்விடும். ரசாயனத்தை ஓடையும் யானையும் உள்ள காட்டில் தெளிக்கலாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

பிறகு தீ. இதில் அறிவியலாளர்களிடையே இன்னும் வாதம் ஓயவில்லை; நம் மலைகளைப் பொறுத்தவரை மிக முக்கியமான வாதமும் இதுதான். சத்தியமங்கலத்தை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன மலையில் வாழும் சோளகர்கள், தை மாசி வாக்கில், சருகு உதிர்ந்து புல் முழுதாகக் காயாத பருவத்தில், கணுக்கால் உயரத்துக்கு எரியும் சருகுத்தீ வைத்து வந்தார்கள். அந்தத் தீ பெரிய மரத்தைத் தொடாது. உண்ணியின் இளங்கன்றைக் கருக்கிவிடும். 1974-ல் மலை சரணாலயமானது, தீ வைப்பது தடையானது. அதற்குப் பிறகே உண்ணி கட்டுமீறியது என்பது சோளகப் பெரியவர்களின் கணிப்பு. ‘ஏட்ரீ’ ஆய்வு நிறுவனத்தினர் அதைக் காதுகொடுத்துக் கேட்டு, அளந்தும் பார்த்தார்கள். 1997-க்கும் 2008-க்கும் இடையே அந்த மலையில் உண்ணி ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

மறுபக்கமும் உண்டு. கோடை உச்சத்தில் பற்றும் தீ மூர்க்கமானது. காய்ந்த உண்ணிப் புதர் ஏணி மாதிரி நின்று நெருப்பை மரக்கிளைவரை ஏற்றிவிடும். மரம் கருகி, வானம் திறந்து, மழை விழுந்ததும் அடிக்கட்டையிலிருந்து முதலில் துளிர்ப்பது உண்ணியே. தீ உண்ணியை வளர்க்கிறது, உண்ணி தீயை வளர்க்கிறது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பல ஆயிரம் ஏக்கர் எரிந்தபோது வாடிய உண்ணிப் புதர்களும் அந்தத் தீக்கு நிறையவே விறகு போட்டன. எனவே உண்ணி முளைத்து இளங்கன்றாக இருந்த காலத்துச் சருகுத்தீயை, அது முழுக்க மூடிவிட்ட இன்றைய காட்டில் அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. முதலில் புதரை அகற்றி, புல்லைக் கொண்டுவந்து, அதன் பிறகு அந்தப் பழைய தீயை அதன் பருவம் தெரிந்தவர்கள் கையில் கொடுக்கலாம் என்பதே நான் புரிந்துகொண்ட வழி. இன்றும் தீத்தடுப்புக் கோடு போடுவதற்கு நாம் கூலிக்கு அழைப்பது அதே சோளகரையும் இருளரையும் குரும்பரையும்தான். தீயைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்பது மட்டும் நடப்பதில்லை.

ஆஸ்திரேலியா, இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் இருநூறு ஆண்டு முயற்சிகளைத் தொகுத்து 2012-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. மூன்றிலும் உண்ணியை ஒழிக்க முடியவில்லை. பரப்பு கூடியே வந்திருக்கிறது. இனி ஒழிப்பைப் பேசாமல், எங்கே எவ்வளவு கட்டுப்படுத்த முடியும் என்று பேசுங்கள் என்றது அந்தக் கட்டுரை. அதைப் படித்துச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. எந்த இடம் முக்கியம் என்று தேர்ந்தெடுத்தால் செய்ய முடிகிற வேலை இது.

வேரின் கழுத்தில் ஒரு வெட்டு

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் சி.ஆர்.பாபுவும் அவர் குழுவினரும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டிய முறை எளிமையானது. அவர்கள் முதலில் கவனித்தது, வெட்டியபின் உண்ணி எங்கிருந்து துளிர்க்கிறது என்பதை. தண்டு முடிந்து வேர் தொடங்கும் கழுத்துப் பகுதியில்தான் அந்த மொட்டுகள் இருக்கின்றன. அது மண்ணுக்குக் கீழே இரண்டு மூன்று விரற்கடை ஆழம். அதற்குக் கீழே ஆணிவேரில் துளிர்க்கும் மொட்டு கிடையாது.

ஆகவே அரிவாளை வைத்துவிட்டு, நீளக் கைப்பிடி போட்ட குத்துக்கருவியை எடுத்தார்கள். புதருக்கு முதுகைக் காட்டி நின்று, காலால் தண்டுகளை ஒதுக்கிப் பிடித்து, அடியில் கழுத்துக்குக் கீழே பக்கவாட்டில் இரண்டு மூன்று போடு. ஆணிவேர் அறுந்ததும் முழுப் புதரும் தளர்ந்து கையோடு வரும். அதைத் தூக்கி அதே இடத்தில் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். தண்டு மண்ணில் பட்டால் மறுபடி வேர் விட்டுவிடும். வேர் வானத்தைப் பார்த்திருந்தால் வெயிலில் காய்ந்து சுள்ளியாகும். பழம் பழுப்பதற்கு முன்னால் இதைச் செய்தால் புது விதை விழாது. குழி தோண்டுவதில்லை, மண் புரளுவதில்லை. பழகிய கை ஒரு பெரிய புதரைச் சில நிமிடத்தில் சாய்த்துவிடும். முள் கீறாமல் நிற்க எங்கே கால் வைப்பது, பாறையிடுக்கில் வேர் எந்தப் பக்கம் போயிருக்கும் என்பதெல்லாம் கை பழகினால் மட்டுமே வரும்.

இவ்வளவும் முதல் ஆண்டு வேலை. பாபுவின் முறை இதோடு நிற்பதில்லை. அடுத்த மழைக்கு உண்ணிக் கன்றுகள் எங்கே முளைக்கும் என்று அவர்களால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. ஒன்று, பறவைகள் வந்து அமரும் பெரிய மரங்களின் அடியில். பழம் தின்ற கொண்டைக்குருவியும் மைனாவும் எச்சமிடும் இடம் அது. இன்னொன்று, மழைநீர் விதையை உருட்டிக்கொண்டு போகும் வாய்க்கால் ஓரங்களில். இந்த இரண்டு இடத்தையும் மழைக்குப் பின் சுற்றிவந்து, விரல் நீளக் கன்றைக் கையால் பிடுங்க வேண்டும். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் இதே வேலைதான். கூடவே, காலியான தரையில் அந்த மண்ணுக்கே உரிய புல்லையும் பயறுவகைச் செடிகளையும் விதைக்க வேண்டும். புல் பிடித்த தரையில் உண்ணி விதைக்கு இடம் கிடைப்பது கடினம். கார்பெட்டில் அப்படி மீட்ட நிலத்துக்கு மான்கள் மேயத் திரும்பின.

நம் ஊரில் முதல் வேலைக்குப் பணம் ஒதுக்கப்படுகிறது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஆண்டு வேலைக்கு ஒதுக்குவது அரிது. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. அதற்குள் இத்தனை ஹெக்டேர் அகற்றியாயிற்று என்று காட்ட வேண்டும். டெண்டர் எடுத்தவர் ஆட்களை லாரியில் கொண்டுவருவார், முடித்துவிட்டுப் போவார். அகற்றும் முன்பு ஒரு படம், அகற்றிய பின்பு ஒரு படம். இரண்டு மழை கழித்து அதே இடத்தை எடுத்த படம் எந்த அறிக்கையில் இருக்கிறது? புல் இல்லாமல், மேற்பார்வை இல்லாமல் திறந்துவிட்ட நிலத்தில் உண்ணி வராவிட்டால் கம்யூனிஸ்ட் பச்சை என்ற களையோ பார்த்தீனியமோ வரும். அதைவிட வேகமாக வருவது மஞ்சள் கொன்றை.

காகிதமாகும் மரம்

உண்ணி புதர்; ‘சென்னா’ என்று வனத்துறையினர் சொல்லும் இந்த மஞ்சள் கொன்றை மரம். இதுவும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காக வந்ததுதான். நம் சரக்கொன்றையின் பூ சரமாகக் கீழே தொங்கும். இதன் பூ கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். பூக்காத காலத்தில் இலையைப் பார்க்கலாம்: சரக்கொன்றைக்குச் சிற்றிலைகள் பெரிதாக, சில ஜோடிகளே, இதற்குச் சிறிதாகப் பல ஜோடிகள். வெட்டப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்தே ஆகவேண்டும். வயநாட்டில் 1980-களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் நிழலுக்கும் அழகுக்கும் நட்டார்கள். முதுமலையில் மசினகுடி, சிங்காரா பக்கம் சாலையோரமாக இறங்கி இப்போது தோப்பாகவே நிற்கிறது. ஒவ்வொரு மரமும் ஆயிரக்கணக்கில் விதை போடுகிறது. அடியில் புல்லும் கிடையாது, வேறு கன்றும் கிடையாது.

சென்னாவை வெட்டி வெளியே கொண்டுபோவதில் சட்டச் சிக்கல் இருந்தது. சரணாலயத்திலிருந்து எடுக்கும் வனப்பொருளை வணிகத்துக்குப் பயன்படுத்த 1972-ம் ஆண்டு காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் தடை விதிக்கிறது. அந்தத் தடை மிக அவசியமானது; இல்லாவிட்டால் ‘களை’ என்ற பெயரில் தேக்கும் வேங்கையும் லாரி ஏறியிருக்கும். ஆனால் வெட்டிய சென்னாவைக் காட்டிலேயே போட்டாலும் தீ ஆபத்து. சென்னை உயர் நீதிமன்றம் இந்த விஷயத்தைத் தொடர்ந்து கண்காணித்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கும் வாழிட மீட்புக்கும் எனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. கரூர் மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கும் அரசு நிறுவனமான தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அந்த மரங்களைக் கூழுக்கு எடுத்துக்கொள்ள வழி பிறந்தது.

நல்ல ஏற்பாடு. ஆனாலும் எனக்கு ஒரு கவலை உண்டு. ஆலைக்கு வேண்டியது பெருத்த அடிமரம். கட்டைவிரல் பருமன் கன்றுக்கு எடை கிடையாது, விலையும் கிடையாது. வெட்டிய அடிக்கட்டையில் அடுத்த மழைக்கே மறுதாம்பு குபுகுபுவென்று கிளம்பும். சுற்றி, உதிர்ந்த விதையெல்லாம் பாய் விரித்த மாதிரி முளைக்கும். லாரி வந்து போனபின் அந்தக் கன்றுகளைப் பிடுங்க யார் வருவார்கள்? கேரளத்தில் வேறு முறை கையாளப்படுகிறது: நெஞ்சுயரத்திலிருந்து அடிவரை பட்டையை முழுக்க உரித்துவிட்டு, நின்றபடியே காயவைப்பது. அதிலும் துளிர் வர வர மாதந்தோறும் கிள்ள வேண்டும். எந்த முறையாக இருந்தாலும் அதே ஆள் அதே மரத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதில்தான் முடிகிறது. மரத்தை விற்று வரும் பணத்தில் ஒரு பங்கை அந்த இடத்தின் அடுத்த ஐந்தாண்டுக் களையெடுப்புக்கென்றே ஒதுக்கி, வேறு எதற்கும் எடுக்க முடியாதபடி விதி செய்ய வேண்டும்.

யார் கை?

கூடலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் உண்ணித் தண்டு யானையாகிறது. காட்டிலிருந்து வந்த தண்டுகளைக் கொதிநீரில் வேகவைக்கிறார்கள். வெந்த தண்டு வளையும், பட்டை உரியும். இரும்புக் கம்பியால் யானையின் உருவச் சட்டம் கட்டி, அதன்மேல் தண்டைத் தண்டாக வளைத்து அடிக்கிறார்கள். வயிற்றுச் சரிவுக்குப் பருமனான தண்டு, கண்ணோரச் சுருக்கத்துக்கு மெல்லியது. பணியர், பெட்டக்குரும்பர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 200 பேரின் கைவேலை இது. ‘ரியல் எலிஃபண்ட் கலெக்டிவ்’ என்ற அமைப்பின் கீழ் செய்கிறார்கள். அவர்கள் ஊரைச் சுற்றி உண்மையிலேயே நடமாடும் யானைகளின் சாயலில், அதே அளவில். 2021-ல் இந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-ல் 100 யானைகள் அமெரிக்கா போய் ரோட் தீவின் நியூபோர்ட்டில் தொடங்கி நியூயார்க் வீதிவரை ஊர்வலம் வந்தன. மலை மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் இதே தண்டில் நாற்காலி, மேசை முடைவது அதற்கும் முந்தைய முயற்சி. பிரம்புக்கு ஈடாகப் பூச்சி அரிக்காமல் உழைக்கும்.

இந்தக் கைவினையைப் பார்த்துவிட்டு, உண்ணிப் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். தீராது. நாற்காலிக்கும் யானைக்கும் போகும் தண்டு, காட்டில் நிற்பதில் துளிகூட இல்லை. அதோடு ஒரு களைக்குச் சந்தை உருவானால் களை தீர்ந்துவிடக் கூடாது என்ற ஆசையும் கூடவே உருவாகும். நம் தென் மாவட்டங்களில் சீமைக்கருவேலக் கரி கற்பித்த பாடம் இது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபின் ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. அந்த மரத்தைக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வியும் உடனே எழுந்தது. ஆனால் கூடலூர் யானைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உண்ணிக் காட்டுக்குள் தினம் போய்வரும், எந்தப் புதர் எப்போது காய்க்கும் என்று தெரிந்த 200 பேருக்கு அந்தச் செடியை வைத்து நிலையான வருமானம் கிடைத்திருக்கிறது. வனத்துறையின் மீட்புப் பணியிலும் அதையே செய்யலாம்.

நான் கேட்பது இதுதான். மீட்க வேண்டிய நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் பக்கத்துப் பழங்குடிக் கிராமத்தின் பொறுப்பில் குறைந்தது ஐந்தாண்டுக்குக் கொடுங்கள். கூலி வெட்டுவதற்கு மட்டும் அல்லாமல் ஒவ்வொரு மழைக்கும் பின்னால் சுற்றிவந்து கன்று பிடுங்குவதற்கும், புல்விதை சேகரிப்பதற்கும், நாற்றங்கால் வைப்பதற்கும் இருக்கட்டும். வேலை முடிந்ததா என்பதை அகற்றிய ஹெக்டேரை வைத்து அளக்காமல், நான்காம் ஆண்டில் அங்கே எத்தனை வகைப் புல் நிற்கிறது என்று பார்த்து அளவிடுங்கள். 2011-ல் பிலிகிரிரங்கன மலைச் சோளகர்களுக்கு வன உரிமைச் சட்டத்தின் கீழ் சமூக உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே முதல்முறை. உரிமையுள்ளவர் தன் காட்டில் களையெடுப்பதற்கும், தினக்கூலிக்கு வந்தவர் அடுத்தவர் காட்டில் வெட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை விவசாயம் செய்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எங்கே தொடங்குவது என்பதில் பலர் தவறான கணக்குப் போடுகிறார்கள். உண்ணி மிக அடர்ந்த இடம் பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கும், அங்கே ஆட்களை இறக்கினால் படமும் நன்றாக வரும். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்ணி நுழைய ஆரம்பித்திருக்கும் நல்ல காட்டில்தான் ஒரு நாள் கூலிக்கு அதிகப் பலன். அங்கே புல்லும் விதையும் இன்னும் மிச்சமிருக்கின்றன. செடியை எடுத்தால் காடு தானே மூடிக்கொள்ளும். அதற்கடுத்து, யானைகள் கூடும் ஈரப்புல்வெளிகளும் ஓடைக்கரைகளும். அப்புறம் ஊரையும் பள்ளிக்கூடப் பாதையையும் ஒட்டிய புதர். புலியோ கரடியோ பத்தடியில் படுத்திருந்தாலும் தெரியாத இடங்கள் அவை.

எல்லா இடத்துக்கும் ஒரே மருந்தும் சரிப்படாது. நீலகிரியின் மேல்மலையில் புல்வெளியை விழுங்கிய சீகை மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் காலத்தில் வந்து, விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் தொழிற்சாலைக் கூழுக்காகவும் பெருமளவில் நடப்பட்டது. புல்வெளியில் நிற்கும் சீகையை அகற்றத்தான் வேண்டும். அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கும், தீ பட்டால் ஒட்டுமொத்தமாக முளைக்கும் என்பதை மனதில் வைத்து. ஆனால் சோலையை ஒட்டிய சில சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே எழுந்துவருகின்றன. அங்கே ஒரேயடியாக மொட்டையடித்தால் அந்தக் கன்றுகளும் வெயிலில் கருகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிடுவதே அந்த இடத்துக்கு ஏற்றது.

பொறுமைக்குப் பலன் உண்டு என்பதற்கு வால்பாறை சாட்சி. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே திட்டுத்திட்டாகச் சிதைந்து கிடந்த மழைக்காட்டுத் துண்டுகளில், ‘நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்’ ஆய்வாளர்கள் திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் 2000-களின் தொடக்கத்திலிருந்து தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். உண்ணியை எடுப்பார்கள், எடுக்கும்போதே அடியில் தானாக முளைத்திருக்கும் உள்ளூர்க் கன்று மிதிபடாமல் குச்சி நட்டு அடையாளம் வைப்பார்கள். சாலையோரம் விழுந்த காட்டுப் பழங்களின் விதையைப் பொறுக்கி, நாற்றங்காலில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை வளர்த்து, மழை பிடித்ததும் கலந்து நடுவார்கள். பிறகு சில ஆண்டுகள் களை பிடுங்கல். இப்படிச் செய்த இடங்களையும், சும்மா விட்ட இடங்களையும் 7 முதல் 15 ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டு 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். நட்டுப் பேணிய இடங்களில் மர வகைகளும் அதிகம், சேமித்திருந்த கரியமும் அதிகம். பெரிதாகச் சிதைந்து, நல்ல காட்டிலிருந்து விலகிக் கிடந்த துண்டுகளுக்குத்தான் இந்த உதவி மிகவும் பயன்பட்டது.

காட்டுக்கு வெளியே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மஞ்சளிலும் ஊதாவிலும் குட்டை உண்ணிச்செடிகள் இன்றும் நகரத்து நர்சரிகளில் விற்கப்படுகின்றன. சாலை நடுத் தடுப்புகளில், அடுக்குமாடி வளாகங்களில், மலை ஊர்களின் ரிசார்ட்டுகளில்கூட அவற்றைக் காணலாம். மஞ்சள் கொன்றையும் நிழல்மரம் என்று நடப்படுகிறது. நர்சரி உண்ணி மலட்டு ரகம், விதை போடாது என்பார்கள். அந்த ரகத்தின் மகரந்தம் காட்டு உண்ணியோடு சேர முடியும் என்பதுதான் சிக்கல். ஆஸ்திரேலியாவில் உண்ணியை நாடளாவிய முக்கியக் களை என்று அறிவித்திருக்கிறார்கள். குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் அதை விற்பதே குற்றம். இங்கே ஒரு துறை காட்டுக்குள் கூலி கொடுத்துப் பிடுங்குகிற செடியை இன்னொரு பக்கம் பூச்சட்டியில் வைத்து விற்கலாம். 2022-ம் ஆண்டுக் கொள்கையைச் செயல்படுத்தும்போது நீலகிரி, ஈரோடு, கோவை மாவட்ட நர்சரிகளிலும், நெடுஞ்சாலைத் துறையின் நடவுப் பட்டியலிலும் இந்த இரண்டு பெயரையும் அடித்துவிட வேண்டும். அதற்கு டெண்டர் தேவையில்லை, ஐந்தாண்டும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.